வறட்சி, போர், வரிசை எண்

2023 நவம்பர் 8ஆம் தேதி முதல் பனாமா கால்வாயில் ஒரு நாளைக்கு 24 கப்பல்களுக்குத்தான் அனுமதி என்று ஆனது. மழை ஒழுங்காகப் பெய்யும் ஆண்டில் அங்கே தினமும் 36 முதல் 38 கப்பல்கள் போகும். அதே மாதம் 19ஆம் தேதி, செங்கடலில் போய்க்கொண்டிருந்த கேலக்ஸி லீடர் என்ற கார் ஏற்றும் கப்பலின் மேல்தளத்தில் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிக் கப்பலைக் கைப்பற்றினார்கள். 28ஆம் தேதி, கோப்ரே பனாமா செப்புச் சுரங்கத்தின் ஒப்பந்தச் சட்டம் செல்லாது என்று பனாமா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உலகச் செப்பு உற்பத்தியில் சுமார் ஒரு சதவீதம் நின்றுபோனது. தண்ணீர், போர், கனிமம் மூன்றும் மூன்று வாரத்துக்குள் கடல்சரக்கு வேலை பார்ப்பவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தன.

பெரிய நிறுவனங்களின் ஆபத்து அறிக்கைகளில் இவை மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு, ஒரு பாதிப்பு மதிப்பெண், சிவப்பு மஞ்சள் பச்சை நிறம். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு டன் சரக்கைக்கூட அனுப்ப முடியாது. சரக்கு மேசைக்கு வறட்சி நேராக வருவதில்லை. வறட்சியைக் காரணம் காட்டி யாரோ கையெழுத்திட்ட அறிவிப்பு வரும். போர் இன்சூரன்ஸ் சுற்றறிக்கையாக வரும். உணவுத் தட்டுப்பாடு அரசிதழ் அறிவிக்கையாக வரும். அந்தக் காகிதங்களில் எல்லாம் கனமான வரி ஒன்றே ஒன்றுதான்: இனிமேல் யார் முதலில் போகலாம், யார் காத்திருக்க வேண்டும். நாங்கள் அதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறோம்.

பனாமாவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இரண்டு பெருங்கடல்களை இணைக்கும் கால்வாய் என்பதால் அதில் கடல்நீர் ஓடுகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நடுவில் இருப்பது காட்டூன் ஏரி. சாக்ரெஸ் ஆற்றை அணை கட்டித் தடுத்து உருவாக்கிய நன்னீர் ஏரி. கப்பலை லாக் எனப்படும், கதவு மூடித் தண்ணீர் நிரப்பும் அறைகளில் ஏற்றிக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் உயர்த்தி, ஏரியைக் கடக்க வைத்து, மறுபக்கம் படிப்படியாக இறக்குகிறார்கள். பழைய லாக்குகளில் ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 19 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. நாட்டு மக்களில் பாதிப் பேருக்கு மேல் குடிப்பதும் இந்த நீர்த்தொகுதியின் தண்ணீரைத்தான். ஆக, மழை பொய்த்தால் கப்பலுக்கா குழாய்க்கா என்ற கேள்வி அங்கே உடனே எழும். 2023 அக்டோபர், பதிவேடு தொடங்கிய 1950க்குப் பிறகு அங்கே மிக வறண்ட அக்டோபர். அது மழைக்காலத்தின் நடுப்பகுதி என்பதுதான் பயமுறுத்தியது. ஏரியில் தேக்கி வைக்க வேண்டிய மாதத்திலேயே தேங்கவில்லை.

2016இல் திறந்த புதிய பெரிய லாக்குகளில், ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் மூன்று சேமிப்புத் தொட்டிகள் உண்டு. அறையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் 60 சதவீதத்தைப் பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். பழைய லாக்குகளில் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குள் தண்ணீரை மாற்றி விட்டும் மிச்சம் பிடிக்கிறார்கள். இரண்டு சிறிய கப்பல்களை ஒரே அறையில் சேர்த்தும் விடுகிறார்கள். காட்டூன் அணையின் மின் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஒவ்வொரு சிக்கனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. தண்ணீரை அறைக்கு அறை மாற்றினால் நேரம் கூடும். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் கடலின் உப்பு ஏரிக்குள் ஏறும். அந்த ஏரிதான் குடிநீரும் என்பதால் அதற்கும் எல்லை உண்டு.

எங்களுக்கு அடி விழுவது டிராஃப்டில், அதாவது கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்து போகலாம் என்ற அளவில். புதிய லாக்குகளில் வழக்கமான அனுமதி 50 அடி. 2023இல் அதை 44 அடியாகக் குறைத்தார்கள். ஆறு அடி என்றால் 183 சென்டிமீட்டர். பெரிய கன்டெய்னர் கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ ஏறத்தாழ 130 டன் ஏற்ற வேண்டும். பெருக்கினால் கிட்டத்தட்ட 23,800 டன். இருபதடிப் பெட்டி ஒன்றுக்குச் சராசரி 12 டன் என்று வைத்தால், 2,000 பெட்டிகளைக் கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். இந்தக் கணக்கில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. கால்வாய் அறிவிக்கும் டிராஃப்ட் வெப்பமண்டல நன்னீரில் உள்ள அளவு. நன்னீர் கடல்நீரைவிட லேசு. கடலில் 12 மீட்டர் அமிழ்ந்திருக்கும் கப்பல் காட்டூன் ஏரியில் 30 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக அமிழும். ஏற்றும் துறைமுகத்தில் கடல்நீர் அளவைப் பார்த்து நிரப்பிவிட்டால், கால்வாய் வாசலில் கப்பலை நிறுத்திச் சரக்கை இறக்கச் சொல்வார்கள். பசிபிக் பக்கம் பல்போவாவில் கொஞ்சம் பெட்டிகளை இறக்கி, ரயிலில் அட்லாண்டிக் கரைக்கு அனுப்பி, கப்பல் வந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. இரண்டு முறை கிரேன் செலவு, இரண்டு முறை சேதத்துக்கு வாய்ப்பு.

இனி வரிசை. கால்வாயில் முன்பதிவு செய்த கப்பல் சொன்ன நாளில் போகும். பதிவு இல்லாதது நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். கன்டெய்னர் கப்பல்கள் வாராந்திர அட்டவணைப்படி ஓடுபவை. மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்துவிடுவார்கள். சோளமும் சோயாவும் நிலக்கரியும் ஏற்றும் மொத்தச்சரக்குக் கப்பல் அப்படி இல்லை. சரக்கு எப்போது கிடைக்கும், எந்தத் துறைமுகம் என்பது கடைசி நேரத்தில்தான் முடிவாகும். எனவே இடம் குறைந்தபோது பெட்டியில் போன டி-சர்ட்டும் டிவியும் நாள் தவறாமல் கடந்தன, தானியம் நின்றது. 2023 ஆகஸ்டில் காத்திருந்த கப்பல்கள் 160ஐத் தாண்டின. இது யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் அல்ல, பதிவு விதியின் விளைவு. ஆனால் வறட்சியின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை முடிவு செய்தது மழை அல்ல, அந்த விதி.

மிச்சமிருக்கும் சில இடங்களை ஏலத்தில் விடுவார்கள். தட்கல் டிக்கெட் மாதிரிதான், தொகைதான் வேறு. 2023 நவம்பரில் ஜப்பானின் எனியோஸ் குழுமம் ஒரு இடத்துக்கு 39.75 லட்சம் டாலர் கொடுத்தது. வழக்கமான கட்டணம் தனி. அன்று அந்தச் செய்தியைப் பார்த்து வெளியில் இருந்தவர்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வாடகைக்கு எடுத்த கப்பல் தினம் தின்னும் பணம், ஜப்பானில் காத்திருக்கும் வாடிக்கையாளர், அடுத்த பயணத்துக்குத் தவறிவிடக்கூடிய தேதி மூன்றையும் கூட்டிப் பார்த்தால் அதிலும் ஒரு கணக்கு இருந்திருக்கும். அரிசி ஏற்றிய கப்பலுக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் கட்டுப்படியாகாது.

தண்ணீர்ப் பிரச்சினை அரசியல் பிரச்சினையாக மாறும் பாதையும் இங்கே நன்றாகத் தெரியும். 2020 பிப்ரவரியிலிருந்தே பனாமா நன்னீர்க் கட்டணம் என்று ஒன்றை வசூலிக்கிறது: பெரிய கப்பலுக்கு நிலையாக 10,000 டாலர், அதற்கு மேல் ஏரி மட்டத்தைப் பொறுத்து, கால்வாய்ச் சுங்கத்தில் ஒன்று முதல் பத்து சதவீதம் வரை. ஏரி இறங்க இறங்கக் கட்டணம் ஏறும். 2024 டிசம்பரில் டொனால்ட் டிரம்ப் கால்வாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பேசத் தொடங்கியபோது சொன்ன குறைகளில் முதலில் நின்றது கட்டணம் அதிகம் என்பதுதான். கட்டணம் உயர்ந்ததற்கு மழையும் ஒரு காரணம் என்பது அந்தப் பேச்சில் இல்லை. இதற்கு நிரந்தரத் தீர்வு என்று கால்வாய் நிர்வாகம் முன்வைப்பது ரியோ இந்தியோ ஆற்றில் புதிய அணை. செலவு சுமார் 160 கோடி டாலர். இடம்பெயர வேண்டியவர்கள் 2,000க்கு மேல். அவர்கள் எதிர்க்கிறார்கள். ஆக, உலக வர்த்தகத்தின் ஒரு பெரிய ஆபத்து, சில கிராமங்களின் நில வழக்குக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை எந்த அட்டவணையில் எந்த நிறத்தில் போடுவது?

செங்கடலில் வரிசை வேறு மாதிரி. பாப் அல்-மண்டப் நீரிணை குறுகிய இடத்தில் சுமார் 29 கிலோமீட்டர். அங்கே யார் போகலாம் என்பதை ஹூத்திகள் சொன்னார்கள்: முதலில் இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களுக்குத் தடை, 2024 ஜனவரி 12இல் அமெரிக்காவும் பிரிட்டனும் அவர்கள்மீது நடத்திய தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் தடை. சனாவில் ஓர் அலுவலகமே திறந்து கப்பல் நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவியில் சேருமிடம் எழுதும் கட்டத்தில் 'இஸ்ரேலோடு தொடர்பில்லை', 'மாலுமிகள் அனைவரும் சீனர்' என்று எழுதிக்கொண்டு போயின. போகும் துறைமுகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதிச் சான்றிதழ் மாதிரி ஒரு வரி.

இந்தத் 'தொடர்பு' என்பதைச் சரிபார்ப்பதுதான் வேலையில் மிகச் சிக்கலானது. பதிவு உரிமையாளர், அவருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளர், தொழில்நுட்ப மேலாளர், வணிக மேலாளர், வாடகைக்கு எடுத்தவர், அவரிடமிருந்து துணை வாடகைக்கு எடுத்தவர் என்று ஆறு பெயர்கள் இருக்கும். அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பல் இஸ்ரேல் துறைமுகத்துக்குப் போயிருந்தாலும் போதும். தரவுத்தளங்கள் மாதக்கணக்கில் பின்தங்கியிருக்கும். 2024 மார்ச் 6 அன்று தாக்கப்பட்ட ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலுக்கு முன்பு அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு தொடர்பு இருந்தது; கப்பல் கைமாறிய பிறகும் பழைய தொடர்பே குறியாகிவிட்டது என்றுதான் கருதப்பட்டது. அந்தத் தாக்குதலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். 21 பேரை இந்தியப் போர்க்கப்பல் ஐஎன்எஸ் கொல்கத்தா மீட்டது. உரிமையாளர் பெயரைப் புதுப்பிக்காமல் விடுவது அலுவலகச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால், இந்தக் கப்பலின் பெயரைச் சொல்ல வேண்டும்.

பணக் கணக்கு இப்படிப் போகும். லண்டன் இன்சூரன்ஸ் சந்தையின் கூட்டுப் போர்க் குழு, ஆபத்துப் பகுதிகளின் பட்டியலை வெளியிடுகிறது. பட்டியலில் உள்ள கடலுக்குள் நுழைந்தால் ஏழு நாளுக்குக் கூடுதல் ப்ரீமியம் கட்ட வேண்டும். 2023 டிசம்பரில் செங்கடலில் அந்த எல்லையை வடக்கே 15 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு நகர்த்தினார்கள். அதற்கு முன்னால் கப்பல் மதிப்பில் 0.05 சதவீத அளவில் இருந்த ப்ரீமியம், வாரங்களுக்குள் 0.7, சில சமயம் 1 சதவீதம் என்று ஆனது. 5 கோடி டாலர் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். 25,000 டாலர் கட்டிய இடத்தில் 3,50,000. எதிர்ப்பக்கம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஆசியா-ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 3,500 கடல் மைல் கூடும். மணிக்கு 14 மைல் வேகத்தில் 250 மணி நேரம், பத்து நாளுக்குச் சற்று மேல். தினம் 30 டன் எரிபொருள், டன் 600 டாலர் என்றால் எரிபொருளுக்கு 1,87,000. தினம் 15,000 டாலர் வாடகை என்றால் அதற்கு 1,56,000. இரண்டும் சேர்ந்து 3,43,000. இதில் சூயஸ் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்ற மிச்சமும் உண்டு. ப்ரீமியம் 0.7ஐத் தொட்டதுமே கப்பல்கள் திரும்பியதற்கு வீரமோ கோழைத்தனமோ காரணம் இல்லை. இரண்டு தொகைகள் சமமாகிவிட்டன. இதற்கும் மேலே, கப்பலின் உரிமையாளரோ கேப்டனோ போக மறுக்கலாம் என்று வாடகை ஒப்பந்தங்களின் போர் விதியில் எழுதியிருக்கிறது. அதை எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியாது.

சரக்கின் சொந்தக்காரர்கள் ஏமாறுவது வேறொரு இடத்தில். சரக்கு இன்சூரன்ஸில் 'ஏ' வகை என்றால் எல்லாமே அடங்கும் என்று நினைக்கிறார்கள். போர் அதில் விலக்கு. தனியாக வாங்க வேண்டும். அப்படி வாங்கிய போர்க் காப்பையும் ஏழு நாள் நோட்டீஸில் ரத்து செய்யலாம். இதைவிட வலிக்கும் விதி தாமதம் பற்றியது: தாமதத்தால் வரும் நஷ்டத்துக்குக் காப்பு இல்லை, அந்தத் தாமதம் காப்புக்கு உட்பட்ட ஆபத்தால் வந்திருந்தாலும் இல்லை. ஏவுகணை அடித்துச் சரக்கு எரிந்தால் போர்க் காப்பில் பணம் வரலாம். ஏவுகணைக்குப் பயந்து சுற்றிப் போனதில் சரக்கின் பருவம் தப்பினால் வராது. திருப்பூரில் கோடைக்குத் தைத்த பனியன் ஐரோப்பியக் கடைக்கு இரண்டு வாரம் தள்ளிப் போனால், வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது அடுத்த லாட்டை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார். எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றுவது வரைதான் தன் செலவு என்று, விற்றவர் கடல் வாடகை தன் தலைவலி இல்லை என்று நிம்மதியாக இருந்திருப்பார். தேதி அவர் தலைவலிதான்.

இப்போது இரண்டு கால்வாய்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க வளைகுடாக் கரையிலிருந்து ஜப்பானுக்குப் பனாமா வழி ஏறத்தாழ 9,500 கடல் மைல். அது அடைபட்டபோது சிலர் சூயஸ் வழி சுமார் 14,500 மைல் போனார்கள். அடுத்த சில வாரங்களில் அதுவும் அடைபட, ஆப்பிரிக்காவைச் சுற்றி 15,500 மைலுக்கு மேல். ஆபத்து அட்டவணையில் பனாமாவின் மாற்று வழி சூயஸ் என்றும், சூயஸின் மாற்று வழி நன்னம்பிக்கை முனை என்றும் எழுதியிருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. ஒரே நேரத்தில் எத்தனை பேர் அந்த மாற்று வழியில் நிற்பார்கள் என்ற கட்டம்தான் காலியாக இருந்தது.

சுற்று வழி தின்பது நாட்களை மட்டும் இல்லை, கப்பல்களையும். ஒரு துறைமுகத்துக்கு வாரம் ஒரு கப்பல் வர வேண்டும் என்றால், போய்வரும் நாட்களை ஏழால் வகுத்தால் எத்தனை கப்பல் தேவை என்று தெரியும். 77 நாள் சுற்றுக்கு 11 கப்பல். 98 நாள் ஆனால் 14. அதே சேவை, அதே பெட்டிகள், மூன்று கப்பல் கூடுதல். அந்த மூன்றும் வேறெங்கிருந்தோதான் வர வேண்டும். அதனால்தான் செங்கடலுக்குச் சம்பந்தமே இல்லாத பசிபிக் வழியிலும் வாடகை ஏறியது. 2023 கடைசியில் நாற்பதடிப் பெட்டிக்கு உலகச் சராசரி 1,400 டாலரை ஒட்டியிருந்தது. 2024 ஜூலையில் 5,900ஐத் தொட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜனவரியிலிருந்து கப்பல்களின் கார்பன் வெளியீட்டுக்கும் பணம் கேட்கத் தொடங்கியிருந்தது. சுற்றிப் போகும் கப்பல் கூடுதலாக எரிக்கும் எண்ணெய்க்கு அதுவும் சேர்ந்தது. அந்த வழியில் தென்னாப்பிரிக்கக் கடலின் குளிர்காலப் புயல் வேறு. 2024 ஜூலையில் சிஎம்ஏ சிஜிஎம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கப்பலிலிருந்து 44 பெட்டிகள் கடலில் விழுந்தன. சோமாலியக் கொள்ளையரும் திரும்பினார்கள். 2023 டிசம்பரில் அவர்கள் பிடித்த ரூயன் கப்பலை 2024 மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா மீட்டது. 17 மாலுமிகள் உயிரோடு வந்தார்கள். செங்கடலில் கவனம் குவிந்த நேரத்தில் பக்கத்துக் கடலில் இடைவெளி கிடைத்தது அவர்களுக்கு.

நம் பக்கத்தில் இதை முதலில் உணர்ந்தது கொழும்பு. தூத்துக்குடிப் பெட்டிகளில் கணிசமானவை சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலில் ஏறுபவை. பெரிய கப்பல்கள் தேதி தவறி வர, வழிமாறிய பெட்டிகளும் அங்கேயே இறங்க, யார்டு நிரம்பியது. கொழும்புக்கு வருமானம் கூடியது. ஏற்றுமதியாளருக்கு இணைப்புக் கப்பல் தவறியது. ஒன்று தவறினால் அடுத்தது ஒரு வாரம் கழித்து. அப்படிப்பட்ட காலத்தில் சிறு கப்பல் சேருவதற்கும் பெரிய கப்பல் புறப்படுவதற்கும் இடையில் இரண்டு நாள் போதும் என்று திட்டமிடக் கூடாது; ஐந்து நாள் விட வேண்டும். வங்கியில் எல்சி, அதாவது ஆவணம் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம், திறக்கும்போதே கடைசி ஏற்றுமதித் தேதியையும் எல்சி முடியும் தேதியையும் அதற்கேற்பத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். கப்பல் ஏறிய 21 நாளுக்குள் ஆவணம் கொடுக்க வேண்டும் என்ற விதி சுற்று வழிக்காக நீளாது.

மூன்றாவது வகைக் காகிதம் அரசாங்கத்தின் தடை. 2023இல் எல் நினோ. இந்தியாவில் அந்த ஆகஸ்ட் 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். ஆனால் அரிசித் தடை ஆகஸ்டுக்குக் காத்திருக்கவில்லை. ஜூலை 20 அன்றே பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை வெளிநாட்டு வணிக இயக்ககம் நிறுத்தியது. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது என்பதால், ஐநா உணவு வேளாண் அமைப்பின் அரிசி விலைக் குறியீடு அடுத்த மாதம் 15 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது. அமெரிக்காவில் நம் ஆட்கள் கடைகளில் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்த காட்சிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். உண்மையில் இடிந்தது மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இந்திய அரிசியை நம்பியிருந்த வியாபாரிகள்.

அந்த அறிவிக்கையிலும் படிக்க வேண்டியது இடைக்கால விலக்குப் பகுதிதான். அன்றைக்கு முன் ஏற்றத் தொடங்கிய கப்பல் போகலாம். ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி ஆவணம் தாக்கல் ஆகி, கப்பல் துறைமுகத்துக்கு வந்து நங்கூரமிட்டு, துறைமுகம் அதற்குத் தரும் சுழற்சி எண் ஒதுக்கப்பட்டிருந்தால் போகலாம். சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்கு போகலாம். பணம் கட்டி வாங்கி, லாரியில் பாதி வழியில் இருந்த அரிசிக்கு இதில் எதுவும் இல்லை. 2022 மே 13 கோதுமைத் தடையில் விதி வேறாக இருந்தது: அன்றைக்கு முன் திறந்த, ரத்து செய்ய முடியாத எல்சி இருந்தால் அனுமதி. உடனே முன்தேதியிட்ட எல்சிகள் முளைத்தன. அதிகாரிகள் எல்சி ஒவ்வொன்றையும் நேரில் சரிபார்க்க உத்தரவிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அரிசிக்கு எல்சியை விட்டுவிட்டுக் கப்பலை அளவுகோலாக்கியது அந்தப் பாடத்தால்தான் என்பது என் ஊகம். கப்பலை முன்தேதியிட முடியாது. அதனால் பருவமழை ஆட்டம் காணும் ஆண்டில், ஒப்பந்தம் போட்டாயிற்று என்பதைக் காப்பாக நினைக்கக் கூடாது. கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வறட்சி வந்தது, எனவே போர் வந்தது என்று நேர்கோடு போடும் பழக்கம் கருத்தரங்குகளில் அதிகம். சிரியாவில் 2006க்குப் பிந்தைய வறட்சிதான் உள்நாட்டுப் போருக்கு வித்து என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத சண்டை. அதே வறட்சி தொட்ட பக்கத்து நாடுகளில் அப்படி வெடிக்கவில்லை. மாறாக, 2023 மே மாதம் ஈரான்-தலிபான் எல்லையில் துப்பாக்கிச் சண்டை நடந்தபோது பேச்சில் இருந்தது ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானுக்குப் போகும் ஹெல்மண்ட் ஆறும், அதன் நீரைப் பங்கிடும் 1973 ஒப்பந்தமும். ஈரானுக்கு ஆண்டுக்கு 82 கோடி கனமீட்டர் என்று அதில் எழுதியிருக்கிறது. தண்ணீர் குறைவாக இருக்கும் இடத்தைவிட, தண்ணீர் குறையும்போது பங்கு எப்படிக் குறைய வேண்டும் என்று எழுதி வைக்காத, எழுதியதை ஒரு தரப்பு ஏற்காத இடத்தைத்தான் நாங்கள் அதிகம் கவனிக்கிறோம். 2025 ஏப்ரலில் 1960இன் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தபோது நதியில் அன்று தண்ணீர் குறையவில்லை. காகிதம் மாறியது.

வேலையாக இதை எப்படிச் செய்வது என்றால், ஒவ்வொரு முக்கியச் சரக்குக்கும் ஒரு தாள். மேலே அது கடக்கும் இடுக்குகள்: ஆறு, லாக், நீரிணை, துறைமுகம், எல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அளக்கும் எண், அறிவிப்பவர், அந்த இடத்தின் வரிசை விதி, நம் சரக்கு அதில் எந்த வரிசை. அடுத்த பத்தியில் மாற்று வழி. கடைசிப் பத்திதான் பெரும்பாலும் விடுபடுவது: இதே மாற்று வழியை வேறு எந்த இடுக்கின் தாளில் எழுதியிருக்கிறோம். ஒரே பெயர் மூன்று தாளில் வந்தால் அது மாற்று வழி இல்லை.

அளக்கும் எண்ணில் ஓர் உதாரணம், ஜெர்மனியில் ரைன் ஆற்றின் கௌப் என்ற இடத்தில் உள்ள நீர்மட்ட அளவுகோல். 40 சென்டிமீட்டர் என்று செய்தி வந்தால் ஆறு முழங்காலளவு வற்றிவிட்டது என்று படம் போடுவார்கள். அளவுகோலின் பூஜ்ஜியம் ஆற்றின் அடி இல்லை. படகுப் பாதையின் ஆழத்துக்கு அதோடு சுமார் 112 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். ஆக ஒன்றரை மீட்டர். படகு ஓடும், பாதிச் சரக்குகூட இல்லாமல். 2018 இலையுதிர்காலத்தில் கௌப் 25 வரை இறங்கியது. அந்த ஆண்டின் தாழ்நீரால் 25 கோடி யூரோ இழந்ததாக ஜெர்மன் ரசாயன நிறுவனம் பிஏஎஸ்எஃப் சொன்னது. படகு ஒப்பந்தங்களில் கௌப் எண்ணை வைத்துத் தாழ்நீர்க் கூடுதல் கட்டணம் படிப்படியாக ஏறும். ஓர் அளவுக்குக் கீழே ஏற்ற வேண்டிய கடமையே இல்லை என்ற வரியும் இருக்கும். அந்த அளவைத் தாளில் எழுதி வைத்தவருக்குச் செய்தித்தாள் தேவையில்லை. அதைவிடப் பத்து சென்டிமீட்டர் மேலே இருக்கும்போதே ரயில் வேகன் கேட்டுவிடுவார். கீழே போன பிறகு எல்லோரும் கேட்பார்கள்.

தாளை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தினம் பார்த்தால் எல்லாமே அவசரமாகத் தெரியும். ஓர் இடுக்கின் எண் நகர்ந்தால் அன்றே மூன்று வேலை. கடலில் இருக்கும் சரக்கு எவ்வளவு என்று பட்டியல் எடுப்பது. இன்னும் ஏற்றாத சரக்குக்கு எல்சி, இன்சூரன்ஸ், வாடகை ஒப்பந்தம் மூன்றிலும் தேதிகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. போர்க் காப்பின் விலை கேட்டு வாங்கி, அது எத்தனை மணி நேரம் செல்லும் என்றும் எழுதுவது. பதற்றமான நாட்களில் ஒரு நாள்கூடச் செல்லாது, கப்பல் எல்லைக்கு வரும்போது விலை மாறியிருக்கும்.

திறக்கும் காலத்துக்கும் ஒரு தாள் வேண்டும். வழி திறந்த செய்தி வந்ததும் கூடுதல் இருப்பை விற்றுத் தீர்ப்பவர்கள் அடி வாங்குவார்கள். சூயஸ் வழியாகத் திரும்பும் முதல் கப்பல்கள், இரண்டு வாரம் முன்னால் ஆப்பிரிக்காவைச் சுற்றப் புறப்பட்ட கப்பல்களோடு ஒரே வாரத்தில் ராட்டர்டாமிலும் ஆண்ட்வெர்ப்பிலும் போய் நிற்கும். கிரேன் பற்றாது, யார்டு நிறையும், காலிப் பெட்டிகள் ஆசியாவுக்குத் திரும்பத் தாமதமாகும். கடல் வாடகை விழுந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில், ஏற்றுவதற்குக் காலிப் பெட்டி இல்லாமல் தூத்துக்குடியில் சரக்கு நிற்கும். அந்த ஆறேழு வாரங்களுக்கான காலிப் பெட்டி ஒதுக்கீட்டை, வழி மூடியிருக்கும்போதே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.